வலை யாரிடம் இருந்தது

நம்பாவிட்டால் போங்கள். பதினோரு வருஷமாக என் மனைவி மாரிட்டிடம்கூட முழுதாகச் சொல்லாததை இன்று சொல்கிறேன். ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை. கூட்டிச் சொல்லி எனக்கு என்ன பெருமை வந்துவிடப் போகிறது? இதில் அயோக்கியன் நான்தான்.

எங்கள் ஊர் விஸ்கான்சின் மாநிலத்தின் வடகோடி. இலையெல்லாம் கொட்டி, ஏரி உறைவதற்கு முன் வரும் சில வாரங்கள்தான் பெரிய மஸ்கி மீனுக்குக் காலம். ஆள் இடுப்புயரம் வளரும், வாய் நிறையப் பல். நாள் தவறாமல் தூண்டில் வீசியும் ஒன்றுகூடச் சிக்காமல் போகிறவர்கள்தான் அதிகம். அதனால் எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருவன் கண்டுபிடித்த மீன் அவனுடையது. அவன் இல்லாமல் இன்னொருவன் அந்த இடத்தில் தூண்டில் போட மாட்டான்.

லோவல் என் இருபது வருஷக் கூட்டாளி. ஒண்டிக்கட்டை. செப்டம்பரில் லாங்டெயில் ஏரியில், தண்ணீருக்குள் சாய்ந்து கிடந்த தேவதாரு மரத்தருகே அவன் ஒரு மீனைப் பார்த்தான்.

"டேய் ஹார்லன், என் ஆயுசுல இப்படி ஒண்ணப் பார்த்ததில்லடா. நான் இழுக்கறேன், நீ வலையப் பிடி."

அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை போவதாகப் பேச்சு. பெரிய வலை எங்கள் இருவருக்கும் பொது. அந்த வருஷம் அது என் கொட்டகையில் இருந்தது.

எனக்கு ஆசை பொறுக்கவில்லை. அவனை முந்திக்கொண்டு நானே பிடித்துவிட வேண்டும். சனிக்கிழமை மச்சினி வீட்டு விசேஷம், இந்த வருஷம் என்னால் வர முடியாது என்று செவ்வாயன்று வாய் கூசாமல் புளுகினேன். பாவி, அவன் நம்பினான். புதன் மதியம் மூன்றேகாலுக்குப் போன் செய்து, வலையையாவது வந்து எடுத்துக்கொள்ளட்டுமா என்று மாரிட்டிடம் கேட்டான். கொடுத்தால் என் திட்டம் என்னாவது? பக்கத்தில் நின்றபடி, கூடாது என்று அவளிடம் தலையை ஆட்டினேன். வலை கிழிந்து தைக்கப் போயிருப்பதாக அவள் சொல்லிவிட்டாள்.

மறுநாள் வியாழன். சாயங்காலம் நாலரைக்கு ஏரியின் கிழக்குத் துறையில் என் படகை இறக்கினேன். லோவல் எப்போதும் மேற்குத் துறைக்குத்தான் போவான். மரத்தருகே நின்று வீச ஆரம்பித்தேன். மஸ்கி ஒரு மாதிரியான மீன். நாம் இழுக்கும் மரப் பொய்மீனின் பின்னாலேயே படகுவரை வந்து, பார்த்துவிட்டுப் போய்விடும். அதனால் ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் தூண்டில் கோலின் நுனியைத் தண்ணீரில் விட்டு எட்டுப் போட்டு அதற்கு ஆசை காட்ட வேண்டும். போட்டுக்கொண்டே இருந்தேன். ஐந்து இருபதுக்குப் பனிமூட்டம் இறங்கியது.

5:34.

க்ரீச்... க்ரீச்...

லோவலின் படகு. இடப்பக்கத் துடுப்பு வளையத்தின் சத்தம். எண்ணெய் போடுடா என்று சொல்லிச் சொல்லி நான் அலுத்துப்போன சத்தம். தொலைந்தோம் என்று நினைத்தேன். நெற்றி விளக்கை அணைத்துவிட்டுக் கிளைகளுக்குள் படகை ஒதுக்கினேன். அந்தக் குளிரிலும் வெட்கத்தில் காது சுட்டது.

சத்தம் நெருங்கியது. ஆனால் துடுப்பு தண்ணீரில் விழும் சத்தம் இல்லை. அலையும் வரவில்லை. என் படகு கொஞ்சம்கூட ஆடவில்லை.

5:41.

"வலை."

அவன் குரல்தான். கத்தவில்லை. மீன் படகருகே வந்ததும் கூட்டாளியிடம் சொல்வதுபோல, சாதாரணமாக. ஏரியில் யார் அப்படிக் குரல் கொடுத்தாலும் வலையோடு போயாக வேண்டும், அது எங்கள் வழக்கம். நான் போகவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஹார்லன்... வலை."

நான் அங்கே இருப்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

வலை என் காலடியில் கிடந்தது. நீண்ட கைப்பிடி மட்டும் படகுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அது நகர்ந்தது.

மெல்ல... வெளிப்பக்கமாக...

யாரோ இழுத்தார்கள். தண்ணீருக்குள்ளிருந்து.

நான் என்ன செய்தேன் தெரியுமா? திருப்பி இழுத்தேன். இரண்டு கையாலும். கொடுக்க மாட்டேன் என்று இழுத்தேன்.

சட்டென்று விட்டுவிட்டது.

எப்படிக் கரை சேர்ந்தேன் என்று தெரியாது. வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்தியபோது மணி 6:20.

வெள்ளிக்கிழமை மேற்குத் துறையில் லோவலின் வண்டி அநாதையாக நிற்பதைப் பார்த்துத் தேடியிருக்கிறார்கள். அவனை எடுத்தது அதே மரத்தடியில். வெறுங்கையால் மீனைத் தூக்கக் குனிந்திருக்கிறான். பொய்மீனின் கொக்கி உள்ளங்கையில் ஏறிவிட்டது. மீன் ஒரு தடவை புரண்டு அவனையும் சேர்த்து இழுத்துப் போயிருக்கிறது.

"ஒரு வலை இருந்திருந்தா பொழைச்சிருப்பான்" என்றார் விசாரிக்க வந்த போலீஸ்காரர்.

எனக்குத் தாங்கவில்லை. அழுதுவிட்டேன். நேற்றுச் சாயங்காலம் 5:41க்கு அவன் என்னைக் கூப்பிட்டான், வலையை வைத்துக்கொண்டு நான் ஒளிந்துகொண்டேன் என்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார்.

"நேத்தா? அவன் செத்தது முந்தாநேத்து. புதன் சாயங்காலம்."

வலை இல்லை என்று மாரிட் சொன்ன அன்றைக்கே, சனிக்கிழமைவரை காத்திராமல் தனியாகப் போயிருக்கிறான். வியாழன் மதியமே அவன் படகு ஆளில்லாமல் கரை ஒதுங்கிவிட்டதாம். ஏரிக்கரை வீட்டைப் பூட்டிப் போக வந்த ஒருவர், எங்கோ கட்டு அவிழ்ந்து வந்த படகு என்று நினைத்து, இழுத்துப் புல்லில் கவிழ்த்துப் போட்டிருக்கிறார். நான் துடுப்புச் சத்தம் கேட்ட நேரத்தில் அது அங்கேதான் கவிழ்ந்து கிடந்தது.

நவம்பரில், ஏரியின் ஓரங்கள் உறையத் தொடங்கிய ஒரு நாள், வலையை எடுத்துக்கொண்டு தனியாக அந்த மரத்தருகே போனேன். கைப்பிடியைத் தண்ணீர்ப் பக்கமாக நீட்டினேன்.

"இந்தா லோவல்... வாங்கிக்கோ."

கை மரத்துப்போகும்வரை நீட்டிக்கொண்டே இருந்தேன். 5:41 ஆனது. அதுவும் போனது.

அவன் வாங்கவில்லை.