சந்தை விடுமுறையைக் கையால் மாற்றியபோது

கோச்சடை வீட்டு மாடியறையில் உட்கார்ந்தபடியே சத்யப்ரியா மதுரை வட்டாரத்துச் சந்தைகளின் செய்தியையெல்லாம் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். காய்கறி விவசாயிகளின் செல்போனுக்கு விலையும் விடுமுறையும் அனுப்பும் நிறுவனத்தில் வேலை. அந்தக் குடும்பத்தில் கம்ப்யூட்டர் படித்து வேலைக்குப் போன முதல் ஆள் அவள்தான்.

செய்தி அனுப்பும் புரோகிராமைப் பெட்டி மாதிரிக் கட்டிப் பல சர்வர்களில் ஓடவிடுவார்கள். கன்டெய்னர் என்று அதற்குப் பேர். பெட்டி எல்லா இடத்திலும் ஒன்றுதான். யாருக்கு அனுப்புவது, எந்தச் சந்தைக்கு என்றைக்கு விடுமுறை என்கிற செட்டிங் மட்டும் வெளியே தனியாக இருக்கும். சோதனைக்கு ஒன்று, ஒத்திகைக்கு ஒன்று, நிஜமாக ஓடும் லைவுக்கு ஒன்று. எதை மாற்றினாலும் முதலில் எல்லோருக்கும் பொதுவான பைலில் மாற்றி, சோதித்து, ஒத்திகை பார்த்து, பிறகுதான் லைவுக்கு விட வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லியே அவளுக்குத் தொண்டை வற்றிப்போயிருந்தது. அவசரமென்றால் ஆளாளுக்கு நேரே லைவில் புகுந்து கையால் மாற்றிவிடுவார்கள். பைலில் பழசு அப்படியே கிடக்கும். அடுத்த முறை பைலிலிருந்து விடும்போது அந்தப் பழசு போய்ப் புதுசை மூடிவிடும். கையால் மாற்றும் வழியை அடைக்கலாம் என்று மேனேஜர் அழகுராஜாவிடம் எத்தனையோ தடவை கேட்டாள். "ஆத்திர அவசரத்துக்கு வேணும்ல சத்யா" என்றே அவர் சொல்லிவந்தார்.

அந்தப் புதன்கிழமை மதியம் ஒரு சின்னத் திருத்தத்தை முறைப்படி லைவுக்கு விட்டுவிட்டுக் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். சாயங்காலம் அண்ணன் அழகுபாண்டி போன் செய்தான். தேனூர்ப் பக்கத்துக் காய்களைக் குட்டி லாரியில் பரவைச் சந்தைக்கு ஏற்றிப் போகிறவன் அவன்.

"ஏத்தா, நாளைக்குப் பரவை லீவுன்னு உங்க மெசேஜு வந்திருக்கு. வெள்ளிக்கெழமைன்னுல்ல சொன்னாக?"

"நாளைக்கா? இருண்ணே, பாக்குறேன்."

"வெரசாப் பாரு. தோட்டக்காரரு பேயாண்டி அண்ணன், கத்திரிக்கா பறிக்க வந்த ஆளுகள வீட்டுக்குப் போகச் சொல்றாரு. இன்னைக்கு விட்டா அம்புட்டும் முத்திப்போகும்."

"சந்தை உண்டுன்னு நீ சொல்லுண்ணே."

"சொல்லாம இருப்பனா? 'உன் தங்கச்சி ஆபீசு மெசேஜு தப்பா வராதுடா'ங்குறாரு."

பைலைத் திறந்தாள். வியாழன் என்றிருந்தது. பழங்காநத்தம் ஆபீசில் அவளோடு வேலை பார்க்கும் சூர்யபிரகாஷைப் போனில் கூப்பிட்டாள்.

"பரவை லீவ யாருப்பா மாத்துனது?"

"நான்தேங்க்கா. சந்தைச் சங்கத்துல சிவபாண்டி மாமா இருக்காருல்ல, அவரு போன் போட்டாரு. கோயில் கும்புடு தள்ளிப்போச்சு, லீவ வெள்ளிக்கி மாத்து மாப்ளன்னாரு. அவரு லைன்ல இருக்கும்போதே லைவ்ல மாத்திட்டேன்."

"பைல்ல?"

"மறந்துட்டேங்க்கா."

மதியம் அவள் விட்ட திருத்தத்தோடு பைலிலிருந்த பழைய வியாழனும் போய் அவன் மாற்றியதை மூடியிருந்தது.

"கொஞ்சம் பொறுங்க மாமான்னு சொல்ல வாய் வரலையா?"

"எனக்குப் பொண்ணு குடுக்கப் போறவருங்க்கா! அவருகிட்டப் போயி எப்படிக்கா?"

சிரிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"இப்பவும் கையாலயே மாத்திரட்டா? டக்குனு முடிஞ்சிரும்."

சரி என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தேனூரில் பெண்கள் கூடையைக் கவிழ்த்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். ஆனால் அன்று ராத்திரியே ஆபீசில் இன்னொருவர் பைலிலிருந்து லைவுக்கு விட இருந்தார். மறுபடி பழசு மூடி, மறுபடி தப்பான செய்தி போனால் அப்புறம் ஒருத்தரும் நம்பமாட்டார்கள்.

"வேணாம். எதையும் தொடாத."

பைலில் திருத்தினாள். சோதனை முடிந்தது. ஒத்திகை நகர்வேனா என்றது. பிறகு லைவில் பழைய பெட்டிகள் ஒவ்வொன்றாக அணைந்து, புதுப் பெட்டிகள் எழுந்தன. ஒவ்வொன்றிலும் வெள்ளி என்று இருக்கிறதா என்று பார்த்த பிறகே செய்தியை அனுப்பினாள்.

அண்ணன் கூப்பிட்டான். "வந்திருச்சுத்தா. ஆனா பாதி ஆளுக ஷேர் ஆட்டோவுல ஏறிப் போயிட்டாக. மிச்சப் பேர வச்சுப் பறிக்கிறாரு."

அவள் லைவைத் திறந்து, யார் யார் உள்ளே புகலாம் என்ற பட்டியலைக் காலியாக்கினாள். பிறகு அழகுராஜாவுக்குப் போன் செய்தாள். இந்த முறை கேட்கவில்லை.

"சார், லைவ்ல கையால மாத்துற வழிய அடைச்சுட்டேன்."

"எல்லாருக்குமா?"

"உங்களுக்கும். எனக்கும்."

"சங்கத்துக்காரங்க திடீர்னு கேட்டா?"

"பைல்ல போடச் சொல்லுங்க. நான் பாத்து விடுறேன்."

அவர் பெருமூச்சு விட்டார். "சரி, அப்படியே இருக்கட்டும்" என்றார்.

மறுநாள் காலை அண்ணன் பாதி வண்டிக் காயை இறக்கிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தான். அவள் கேட்கத் தயங்கினாள்.

"பேயாண்டி அண்ணன் என்ன சொன்னாரு?"

"வஞ்சாரு. உன்னையில்ல, ஆபீச. இனி மெசேஜு வந்தாலும் எனக்கு ஒரு போனப் போட்டுக் கேட்டுட்டுத்தான் ஆள அனுப்புவாராம்."

இத்தனை வருஷம் பார்த்துப் பார்த்துச் செய்ததெல்லாம் ஒரு போன் விசாரணையில் வந்து நின்றுவிட்டது. அவள் அவன் தட்டில் இன்னொரு இட்லி வைத்தாள். மாடியில் போன் அடித்தது; ஏறிப் போய் எடுத்தாள். சூர்யபிரகாஷ்தான்.

"அக்கா, பைல்ல ஒரு மாத்தம் போட்டிருக்கேன். பாத்து விடுறீகளா?"

"பாக்குறேன்" என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அவனுடையதற்கு முன்பே வேறு நாலைந்து மாற்றங்கள் அவள் பார்வைக்காக வந்து வரிசையில் நின்றன.