குடத்தில் வைத்த சாம்பல்

என் சித்தப்பாவுக்கு எதையும் நேராகச் சொல்ல வராது. கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்தார். படித்ததையெல்லாம் இறக்கி வைக்க அவருக்கு வீட்டில் என் தலையை விட்டால் வேறு இடம் கிடைக்கவில்லை.

அம்மா இறந்த பிறகு வந்த முதல் பங்குனி அது. எனக்கு ஏழு வயது. மயிலாப்பூரில் அறுபத்துமூவர் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. திருவிழாவன்று காலை, பாம்பு கடித்து இறந்த பெண் உயிரோடு எழுந்த கதையைக் குளக்கரையில் நடத்திக் காட்டுவார்கள். அவளுடைய அப்பா சாம்பலையும் எலும்பையும் ஒரு குடத்தில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார். அடியார் ஒருவர் வந்து பதிகம் பாட, குடத்திலிருந்து அவள் எழுந்து வந்தாள். பள்ளியில் இதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அம்மாவின் சாம்பலை அப்பா பட்டினப்பாக்கம் கடலில் கரைத்துவிட்டிருந்தார்.

அந்தக் கதை நிஜமா என்று சித்தப்பாவிடம் கேட்டேன்.

"இங்கிலீஷ்ல அதை மித்னு சொல்வாங்க" என்றார்.

"அப்டின்னா பொய்யா?"

"இப்போ அப்படித்தான் சொல்றாங்க. ஆனா கிரேக்கத்துல மித்தோஸ்னா மொதல்ல வெறும் பேச்சுதான். ஒருத்தர் வாயால சொன்னது. அப்புறம் கதைன்னு ஆச்சு. பொய்க்கதைங்கறதெல்லாம் ரொம்பப் பின்னாடி வந்தது."

"அந்த வார்த்தை எங்கேருந்து வந்துச்சு?"

"அது யாருக்கும் சரியா தெரியாது."

தன் சொல்லுக்கே பிறந்த ஊர் தெரியாதவர் என் கதையைச் சந்தேகப்படுகிறாரே என்று எரிச்சலாக இருந்தது. கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த அப்பா பக்கத்தைத் திருப்பவில்லை. அவர் கோயிலுக்கே போகாதவர். இதையெல்லாம் கட்டுக்கதை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்.

திருவிழாவன்று அவர் தேனாம்பேட்டை அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு, "வா, போலாம்" என்றார். மந்தைவெளியிலிருந்து நடந்தே போனோம். நான் அவர் கையை இழுத்துக்கொண்டு ஓடினேன். அதற்குள் ஆரம்பித்துவிடுவார்களோ என்று பயம்.

குளக்கரையில் கால் வைக்க இடமில்லை. அப்பா என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டார். அப்படியும் செல்போனைத் தூக்கிப் பிடித்த கைகள்தான் தெரிந்தன. பக்கத்தில் நின்ற பூக்காரம்மா, "இன்னா கண்ணு, தெரியுதா? குடம் அந்தாண்ட கீது பாரு" என்று கை காட்டினார். பதிகம் தொடங்கியது. கூட்டம் நெருக்கியது. நான் தோளில் நெளிந்துகொண்டே இருந்தேன். நாதஸ்வரம் சட்டென்று உயர, எல்லோரும் கை கூப்பினார்கள். முன்னால் இருந்த தலைகளுக்கு நடுவே ஒரு சின்னச் சிலையின் மாலை மட்டும் தெரிந்தது.

நான் குனிந்து அப்பாவின் காதில் கேட்டேன். "நாமளும் குடத்துல வச்சிருக்கலாமேப்பா. நீங்க ஏன் கடல்ல போட்டீங்க?"

என் கணுக்காலைப் பிடித்திருந்த அப்பாவின் கை வலிக்கிற அளவுக்கு இறுகியது. கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன் என்று நினைத்தேன்.

திரும்பும் வழியில் தெரு முழுக்க நீர்மோர்ப் பந்தல்கள். எனக்கு ஒரு தம்ளர் வாங்கிக் கொடுத்துவிட்டு, "அந்தக் கதையை மொதல்லேருந்து சொல்லு" என்றார்.

கட்டுக்கதை என்றவருக்குக் கதையே தெரியாது போலிருக்கிறது என்று எனக்கு ஏக பெருமை. பாம்பில் ஆரம்பித்தேன். அவர் கேட்டுக்கொண்டே நடந்தார். அந்த அப்பா குடத்தை வீட்டிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார் என்ற இடம் வந்ததும் நின்றுவிட்டார்.

"அதை இன்னொரு தடவை சொல்லு."

சொன்னேன். மறுபடியும் கேட்டார். அவர் முகம் என் பக்கம் இல்லை. பந்தலில் போட்ட பாட்டின் இரைச்சலில் காதில் விழவில்லை என்று நினைத்துக்கொண்டு, நான் இன்னும் சத்தமாகச் சொன்னேன்.