கிருபா டீச்சரின் தாழ்ந்த குரல்

இன்று புத்தலப்பட்டில், பெட்ரோல் பங்க் வேலியோரம் கசங்கிய கோவை இலை வாசம் அடித்தது. அந்த இலையையும் கரியையும் அரைத்துக் கரும்பலகைக்குப் பூசிய எங்கள் மிஷன் பள்ளி அங்கேதான் இருந்தது.

தடுப்பில்லாத ஒரே கூடத்தில் அந்தப் பக்கம் தெலுங்கு வகுப்பு, இந்தப் பக்கம் தமிழ் வகுப்பில் நாங்கள். இரைச்சல் ஏற ஏற, கிருபா டீச்சர் கதை சொல்லும் குரலைத் தாழ்த்திக்கொண்டே போவார். "கத்திக்கினு இருந்தா யானை போயிடும்டா" என்பதையும் மெதுவாகத்தான் சொல்வார்.

ஒருநாள் எங்கள் கூச்சல் பொறுக்காமல் ஹெட்மாஸ்டர் பிரம்போடு வந்தார். டீச்சர் நிறுத்தவில்லை, கதையில் மாந்தோப்புக்குள் யானை நுழைந்துகொண்டிருந்தது. தெலுங்கு வகுப்பும் அடங்கிப்போனது. அடி வாங்க எழுந்து கையை நீட்டியிருந்த என்னிடம், பிரம்பை அக்குளில் இடுக்கிக்கொண்ட ஹெட்மாஸ்டர், டீச்சரைவிடத் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"கொஞ்சம் தள்ளி ஒக்காருடா."