பெட்டியின் ஆறாவது குழி

பம்பு செய்யும் தொழிற்சாலையில் ஸ்டோர் பொறுப்பு அவருக்கு. கம்பிவலை அடித்த ஜன்னலுக்கு உள்பக்கம் உட்கார்ந்திருப்பார். மெக்கானிக் வந்து, "போன வாரம் எடுத்தேனே சார், அதைவிட ஒரு நூல் சின்னதா ஒரு வாஷர்" என்று இழுப்பான். இவர் எழுந்துகூட நிற்க மாட்டார். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக் கையை மட்டும் நீட்டி, எந்தத் தட்டு எந்த டப்பா என்று பார்க்காமலே எடுத்துப் போடுவார். பொருந்தும். இருபத்திரண்டு வருஷத்தில் பொருந்தாமல் திரும்பி வந்த உருப்படி பத்து இருந்தால் அதிகம். ஸ்டோர்க்காரருக்குக் கண்ணிலேயே அளவுகோல் என்று தொழிற்சாலையில் சொல்வார்கள். உண்மைதான். அடுத்தவனுக்கு என்ன வேண்டும் என்பது அந்த ஜன்னலுக்குள் உட்கார்ந்திருக்கும்வரை அவருக்கு நன்றாகவே தெரியும்.

சனி இருந்தது வீட்டில், படுக்கையறை அலமாரியின் மேல்தட்டில். கறுப்புப் பெட்டி, கண்ணாடி மூடி, உள்ளே வெல்வெட் ஒட்டிய ஆறு குழிகள். ஐந்தில் கைக்கடிகாரங்கள் படுத்திருந்தன. ஆறாவது இரண்டு வருஷமாகக் காலி.

அந்த ஐந்தின் பெருமையைக் கேளுங்கள். முதலாவது இருநூறு மீட்டர் ஆழத்தில் முங்கினாலும் தாங்கும். அதைக் கட்டியிருக்கும் நாளில் அவர் கைகழுவும்முன் கழற்றி மனைவியிடம் கொடுப்பார். இரண்டாவது விமான ஓட்டிகளுக்கானது; இவர் விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. கார்ப் பந்தயத்துக்கான ஒன்றும் இருந்தது. அதைக் கட்டிக்கொண்டு மொபெட்டில் போவார், பின்னால் வருபவர்கள் எல்லாரும் முந்திப் போவார்கள். ஒன்று நிலா வளர்வதையும் தேய்வதையும் காட்டும். ஐந்தாவது கல்யாண வீட்டுக்கென்று வாங்கியது. கூட்டத்தில் இடிபட்டுவிடுமே என்று கல்யாண வீட்டுக்கு அதைக் கட்டிப் போவதில்லை. ஊரெல்லாம் உறவு, ஒரு வாய் சோறில்லை என்பார்களே, அந்தக் கதைதான். காலையில் தொழிற்சாலைக்குக் கிளம்பும்போது அவர் சமையலறைப் பக்கம் குரல் கொடுப்பார், "மணி என்ன ஆச்சு?" மனைவி சுவரைப் பார்த்துச் சொல்லுவார்.

அந்தக் காலிக் குழி ஸ்டோர்க்காரரை உறுத்தியதற்குக் காரணம் ஒரு பல் டாக்டர். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அவருடைய கிளினிக்கின் காத்திருப்பு அறையில் நான்கு பேர் கூடுவார்கள்: டாக்டர், ஒரு வக்கீல், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், நம் ஸ்டோர்க்காரர். அவரவர் பெட்டியைத் திறந்து மேஜையில் வைப்பார்கள். ஒருவர் கடிகாரத்தை இன்னொருவர் கைக்குட்டையால்தான் தொட வேண்டும். கூட்டம் முடியும்வரை யாரும் நேரம் கேட்கக் கூடாது, அது அநாகரிகம். புதிதாக எதை வாங்குவதானாலும் மற்ற மூவரிடமும் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும் என்பது அவர்கள் தாமே போட்டுக்கொண்ட சட்டம். டாக்டர் ஒருமுறை இவருடைய பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார், "ஆறும் நிரம்புனாத்தான் சார் அது கலெக்ஷன். இப்ப உங்ககிட்ட இருக்கறது வெறும் அஞ்சு வாட்ச்." ஸ்டோர்க்காரருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. தொழிற்சாலையில் நாலாம் ஆள், வீட்டில் அரை ஆள், அந்த ஒரு மேஜையில்தான் அவர் முழு ஆளாக உட்கார்ந்திருந்தார்.

அன்றிலிருந்து தேடினார், தேடினார், அப்படித் தேடினார். டயல் பிடித்தால் முள் பிடிக்காது. முள் பிடித்தால் பட்டை பிடிக்காது. கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம். கடைசியில் அந்த நால்வர் சபையே கூடி ஒரு முடிவுக்கு வந்தது: மற்ற ஐந்திலும் இல்லாதது ஆறாவதில் இருக்க வேண்டும். ஐந்திலும் இல்லாதது என்ன? ஐந்திலும் எல்லாமே இருந்தது. ஆகவே ஆறாவதில் ஒன்றுமே இருக்கக் கூடாது என்று வக்கீல் வாதாடி ஜெயித்தார். தேதி கூடாது, நொடி முள்ளும் கூடாது. மணி முள், நிமிஷ முள், அவ்வளவுதான். "செகண்ட் முள் அவசரக்காரனுக்கு" என்று டாக்டர் தீர்ப்பை எழுதி முடித்தார்.

இந்தச் சமயத்தில்தான் மகள் அவரிடம் ஒன்று கேட்டாள். நர்ஸிங் பள்ளியில் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. மூன்று வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, முதல் முறையாக வார்டுக்குள் போகப் போகிறாள். சின்ன வயதிலிருந்தே அவள் அப்பாவிடம் எதையும் கேட்டுப் பழகாதவள். கேட்டால் பதில் வருவதற்குள் அந்தத் தேவையே தீர்ந்துபோகும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் இது கடிகார விஷயம். அப்பாவுக்கு உலகத்தில் தெரிந்த ஒரே விஷயம்.

"அப்பா, வார்டுல நாடி எண்ணணும். செகண்ட் முள் நல்லா பெரிசா தெரியணும். தோல் பட்டை கூடாது, சோப்புப் போட்டுக் கழுவுற மாதிரி இருக்கணும். நீங்களே பார்த்து ஒண்ணு எடுத்துக் குடுங்கப்பா. எல்லாரும் ஏதோ ஒண்ணு வாங்கறாங்க. நான் எங்கப்பா செலக்ட் பண்ணுவாருன்னு சொல்லிட்டேன்."

கடைசி வரியில் மனிதர் பூரித்துப் போனார். அந்தப் பூரிப்பு உண்மையானது. அதைப் பற்றிக் கேலி பேச எனக்கு மனமில்லை. உடனே நோட்டுப் புத்தகத்தை எடுத்து, மகள் சொன்ன மூன்றையும் ஒன்று இரண்டு மூன்று என்று நம்பர் போட்டு எழுதிக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே நிற்கும் மெக்கானிக் ஒருவன் இதே மூன்றைச் சொல்லியிருந்தால் அரை நிமிஷத்தில் கையில் கொடுத்திருப்பார்.

மூன்று வாரமும் கடை கடையாக ஏறி இறங்கினார். மனைவிக்கு ஆச்சரியம். "பொண்ணுக்காகவா இந்த அலைச்சல்?" என்று வாய்விட்டே கேட்டார். சோழியன் குடுமி சும்மா ஆடுமா? கடைசிச் சனிக்கிழமை ஒரு கடையில் கண்ணாடிக்கு அடியில் அது படுத்திருந்தது. பால் ஏடு நிறத்தில் டயல். மெல்லிய இரண்டு முள். தேதி இல்லை, நொடி முள் இல்லை. பழுப்புத் தோல் பட்டை. ஸ்டோர்க்காரர் அதை வெளியே எடுத்துக் காட்டச் சொன்னார். நொடி முள் வைத்த கடிகாரம் எந்தக் கடையிலும் கிடைக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நல்ல ரசனையை இந்த வயசில்தான் பழக்க வேண்டும் என்றும் சொல்லிக்கொண்டார். அவளுக்கு லீவு நாளில் பெட்டியில் இருக்கலாம், பெட்டியில் இருக்கும் நாளில் தூசு படியாது. இப்படியே நியாயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து வரிசையில் நின்றன. சபையின் ஒப்புதலைப் போனிலேயே வாங்கிக்கொண்டார். மூன்று பேரும் ஒரே குரலில் எடுக்கச் சொன்னார்கள். மகளைக் கேட்கவில்லை.

ஞாயிறு சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் வைத்துக் கொடுத்தார். மகள் டப்பாவைத் திறந்து, கடிகாரத்தை இரண்டு முறை திருப்பிப் பார்த்தாள்.

"செகண்ட் முள் எங்கப்பா?"

"அதாம்மா இதோட அழகே. கிடையாது."

"நான் நாடி எண்ணணும்பா."

"அரை நிமிஷம் மனசுக்குள்ள எண்ணிக்க. பழகிடும்."

"நாடியையும் எண்ணிக்கிட்டு நொடியையும் எண்ணணுமா?"

அவர் டயலைப் பற்றிப் பேசினார். அது எப்படி வெளிச்சம் பட்டால் ஒரு நிறம், படாவிட்டால் ஒரு நிறம் என்று விளக்கிக்கொண்டே போனார். மகள் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சாதாரணமாகக் கேட்டாள், "இது எத்தனாவது குழிக்குப்பா?"

"ஆறாவது" என்றார் அவர்.

யோசித்திருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பார். ஸ்டோரில் இருபத்திரண்டு வருஷப் பழக்கம். எந்தத் தட்டு, எந்த டப்பா என்று கேட்டால் அவர் வாய் யோசிக்காது. சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. மகள் எழுந்து போய், அலமாரியிலிருந்து பெட்டியை இறக்கி, கடிகாரத்தை ஆறாவது குழியில் தன் கையாலேயே வைத்தாள். "நல்லா பொருந்துதுப்பா. இங்கயே இருக்கட்டும்" என்றாள். அவள் கோபித்திருந்தால் அவருக்குச் சண்டை போடவாவது வழி இருந்திருக்கும்.

மனைவி தன் தம்பிக்குப் போன் போட்டார். அவன் வண்டிகளுக்கு வயரிங் பார்க்கிறவன். கை நிறையக் கிரீஸோடு அரை மணி நேரத்தில் வந்து நின்றான். வரும் வழியில் ஆஸ்பத்திரி வாசல் மருந்துக்கடையில் நிறுத்தி, நர்ஸுங்க என்ன கட்டுவாங்க என்று கேட்டு, பக்கத்துக் கடையில் எடுத்து வந்துவிட்டான். வெள்ளை டயல், ரப்பர் பட்டை, குண்டாக ஒரு சிவப்பு நொடி முள்.

"மாமா, நீங்க ஒருக்கா பார்த்துச் சொல்லுங்க, சரியா இருக்கான்னு" என்று மரியாதையாக ஸ்டோர்க்காரரிடம் நீட்டினான்.

அவர் வாங்கிப் பார்த்தார். நோட்டுப் புத்தகத்தில் ஒன்று இரண்டு மூன்று என்று எழுதியதெல்லாம் அதில் இருந்தது. "சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த முதல் ஞாயிறு கிளினிக்கில் அவருக்குக் கிடைத்த மரியாதையைச் சொல்லி முடியாது. ஆறு குழியும் நிரம்பிய பெட்டியைச் சுற்றி மூவரும் கைக்குட்டையோடு நின்றார்கள். பொண்ணுக்குன்னு வாங்கினீங்களே, அவ என்ன சொன்னா என்று கண்ணாடிக் கடைக்காரர் விசாரித்தார். "உங்க பெட்டியிலயே இருக்கட்டும்பான்னு அவளே எடுத்து வெச்சுட்டா" என்றார் இவர். டாக்டர் கண்ணே கலங்கிவிட்டது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு பொண்ணா என்று வக்கீல் மேஜையைத் தட்டினார். ஸ்டோர்க்காரர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனாலும் மொபெட்டில் வீடு திரும்பும்போது அவருக்கு வெட்கமாக இருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் மகளிடம், "அந்த முங்கற வாட்ச் வேணும்னா நீ எடுத்துக்க. அதுல செகண்ட் முள் இருக்கு" என்றார்.

"வேணாம்பா, எங்கிட்ட இருக்கு" என்றாள் அவள். அடுத்த மாதமும் ஒருமுறை கேட்டுப் பார்த்தார். அதே பதில். பிறகு விட்டுவிட்டார்.

இரண்டரை வருஷம் ஓடியது. மகள் படிப்பை முடித்தாள். மூன்று ஆஸ்பத்திரிகளிலிருந்து வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள் என்பதும், மூன்றும் மூன்று ஊர் என்பதும், மனைவியின் தம்பி இரண்டு ஊருக்குப் போய் விடுதியைக்கூடப் பார்த்து வந்துவிட்டான் என்பதும் ஸ்டோர்க்காரருக்கு ஒரு மாலையில் மொத்தமாகத் தெரியவந்தது. அவர் வேலைவிட்டு வந்தபோது மேஜையில் ஒரு படிவம் விரித்திருந்தது. மகளும் மனைவியும் அதன் மேல் குனிந்திருந்தார்கள்.

"அப்பா, விடுதியில தங்கறதுக்கு உங்க கையெழுத்து வேணும். இங்க, இந்தக் கோட்டுல."

அவர் பேனாவை வாங்கிக்கொண்டு நின்றார். "மூணுல எதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா. நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்ல."

"சொல்லியிருப்பீங்கப்பா" என்றாள் மகள். "உங்களுக்கு எது தோதோ அதைச் சொல்லியிருப்பீங்க."

ஊசி போடும்போது கொஞ்சம் வலிக்கும் என்று நோயாளியிடம் சொல்லும் குரல் அது. அதில் குத்தல் எதுவும் இல்லை. ஸ்டோர்க்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி படிவத்தின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

ஸ்டோர்க்காரர் எழுத்து எழுத்தாக, கோட்டை மீறாமல், அழகாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மகள் தேதியைச் சரிபார்த்து, மடித்து உறைக்குள் போட்டு, ஒட்டி, பைக்குள் வைத்துக்கொண்டாள். தன்னைக் கேட்கவில்லையே என்ற வருத்தத்திலேயே நின்றவர், அவள் எந்த ஊரைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள் என்று படிவத்தில் பார்க்கவே இல்லை என்பது அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. கேட்க வாயெடுத்தார். அதற்குள் தாயும் மகளும் அந்த ஊரின் குளிரைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார்கள்.