வேரில் மாவு இல்லாத மலை

இலங்கை மலையகத்தில், பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மூக்கன் இருபது வருடம், செடி புதிதாகத் துளிர்க்கும்படி கிளை நறுக்கும் கவ்வாத்துக்காரராக இருந்தார். வயதான தேயிலைச் செடியின் கிளையை ஒரே வெட்டில், பிளவு விழாமல் சாய்த்தெடுப்பார். அப்படிப்பட்டவரைத்தான் 1957இல் தோட்டமே ‘செடி கொன்னவன்’ என்றது.

அந்த வருடம் நீண்ட வறட்சிக்குப் பின் ஏழாம் நம்பர் மலையைக் கவ்வாத்து வெட்டினார்கள். செடிகளில் மூன்றில் ஒரு பங்கு துளிர்க்காமல் பட்டுப்போனது. வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஆண்டியப்பன் யோசிக்கவே இல்லை. “மூக்கன் கத்தி சரியில்லைங்க” என்று தோட்டத்தை நடத்தும் துரையிடம் சொல்லிவிட்டார்.

ஆராய்ச்சி அதிகாரி ஒருவர் வந்து, பென்சில் தடிப்பு வேர்களை நறுக்கி அயோடின் தடவினார். மஞ்சளாகவே கிடந்தன. மாவுச்சத்து இருந்தால் கருநீலமாகுமாம். இலை செய்யும் சர்க்கரையில் மிஞ்சுவது மாவாகி வேரில் சேர்கிறது. கவ்வாத்துக்குப் பிறகு, நம் எச்சில் சோற்றை இனிப்பாக்குவதுபோல, வேரிலுள்ள நொதி அந்த மாவைச் சர்க்கரையாக உடைத்துத் துளிருக்கு அனுப்புகிறது. வறட்சியும் பூவும் காயும் சேமிப்பைத் தின்றுவிட்டால் நொதி எதை உடைக்கும்? வேரைப் பிடித்திருந்த மூக்கனுக்கு எல்லாம் புரிந்தது. பக்கத்தில் நின்ற ஆண்டியப்பன் காதில் ஒன்றும் விழவில்லை. பழிப்பேர் அப்படியே நின்றது.

1961இல் அதே மலைக்கு மறுபடி கவ்வாத்து என்றார்கள். மூக்கன் ஆண்டியப்பனிடம் போய் நின்றார்.

“ஐயா, செடி பூராவும் பூத்துக் கெடக்கு. வேரைப் பாத்துட்டு வெட்டுவோமுங்க.”

“நீ என்ன வேருக்கு ஜோசியக்காரனா? திங்கக்கெழம கத்தியோட வா.”

நாலு நாள் சொன்னார். நாலு நாளும் அதே பதில். வெறுத்துப்போய், அயோடின் கேட்டுத் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஓடினார். காயமில்லாதவனுக்கு அயோடின் கிடையாது என்று டாக்டரையா விரட்டினார். மூக்கன் வெளியே வந்து கவ்வாத்துக் கத்தியால் விரலைக் கீறிக்கொண்டு திரும்பினார். டாக்டரையா தன் கையாலேயே ஒரு சொட்டுத் தடவிப் போத்தலை மூடிவிட்டார்.

“ஏங்க, ஒங்களுக்குப் புத்தி கித்தி பெரண்டு போச்சா?” என்று மனைவி நாகலெட்சுமி தலையிலடித்துக்கொண்டாள். மறுநாள் இன்னொரு விரலைக் கீறிக்கொண்டு போனார். “பஞ்சுல நனைச்சுக் குடுங்கய்யா, நானே வச்சுக்கிறேன்.” கிடைத்த பஞ்சைக் காயத்தில் வைக்காமல் சின்னப் போத்தலில் அடைத்தார்.

திங்கட்கிழமை காலை, ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில், துரைக்கு முன்னால், இரண்டு வேர்களை நறுக்கிப் பஞ்சால் தேய்த்தார். மூன்றாம் நம்பர் மலை வேர் மைபோலக் கறுத்தது. ஏழாம் நம்பர் வேர் மஞ்சளாகவே இருந்தது.

“தொரைகளே, இதை வெட்டுனா செத்துப்போகும். அன்னிக்கும் இப்படித்தான் செத்துச்சு. என் கத்தியால இல்லீங்க!” வேர்களைத் துரையிடம் நீட்டினார்.

துரை வேர்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கண்டாக்கு, ஏழாம் நம்பர் வெட்ட வேணாம். கொழுந்தும் எடுக்க வேணாம்” என்றார்.

இரண்டு மாதம் மலையைச் சும்மா விட்டு, அயோடினில் வேர் கறுத்த பிறகு வெட்டினார்கள். பட்டுப்போனது பதினோரு செடிதான். மற்றதெல்லாம் தளதளவென்று துளிர்த்தது.

பார்க்க வந்த பக்கத்துத் தோட்டத்துக் கண்டாக்கிடம் ஆண்டியப்பன் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: “வேரைப் பாக்காம நான் வெட்டவே விடமாட்டேன்.”

மூக்கனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த மலைக்கு ஏறிப் போனார்.