சாட்சியில் நான் சொல்லாமல் விட்ட மாத்திரை

ஷேவ் செய்யும்போதுதான் கையில் தட்டுப்பட்டது. வலது காதுக்குக் கீழே, நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. வலி இல்லை. வலிக்காததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

குமரி எல்லையை ஒட்டிய பாறசாலையில் வாழைக்குலை வியாபாரம் செய்கிறேன். பத்தாம் வகுப்பு வரை படித்தவன். ஞாயிறு ஆராதனையைத் தவறவிட்டதில்லை. ஒரு மாதம் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஜெபித்தேன். கட்டி இரண்டானது. என் மனைவி லில்லிதான் அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

ஊசிப் பரிசோதனை செய்தார்கள் (மெல்லிய ஊசியால் கட்டிக்குள் இருப்பதை உறிஞ்சி எடுத்துப் பார்ப்பது). முடிவு வரும்வரை சோறு இறங்கவில்லை.

"புற்று இல்லை. நிணநீர்க் கணுவில் (கிருமியைத் தடுக்கும் சிறு முடிச்சு) காசநோய். இது அடுத்தவருக்குத் தொற்றாது. ஆறு மாதம், ஒரு நாள்கூட விடாமல் மாத்திரை போடணும்," என்றார் டாக்டர்.

நிம்மதி வராந்தா வரைதான் வந்தது. மகளுக்கு வரன் பார்க்கிற சமயம். "சயரோகம்ணு ஒருத்தரும் அறியப்பிடாது," என்றேன் லில்லியிடம்.

மாத்திரையை அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்தோம். சிறுநீர் பதிமுகப் பட்டை போட்டுக் காய்ச்சிய தண்ணீர் போலச் சிவந்து போகும். மருந்தின் நிறம்தான், பயப்பட வேண்டாம் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். ஆனாலும் தினமும் பயந்தேன்.

மூன்றாம் மாதம் கட்டி கரைந்தது. அந்த ஞாயிறு ஆராதனையில், சாட்சி சொல்லும் நேரத்தில் (கர்த்தர் தனக்குச் செய்ததைச் சபைக்குச் சொல்வது) எழுந்து நின்றேன். "கழுத்தில் கட்டி இருந்தது. ஜெபித்தேன். கர்த்தர் எடுத்துப் போட்டார்." சபை முழுக்க ஸ்தோத்திரம் எழுந்தது. சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். மாத்திரையைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் மருந்து வாங்கும் வரிசையில் சுகுமாரன் நின்றார். காட்டாக்கடை ஊர்க்காரர், கோயில் குளம் என்று எங்கும் போகாத மனிதர். என்னைப் போலவே கழுத்துக் கட்டி. என்னோடுதான் மருந்து தொடங்கினார்; வரிசையில் நான் ஜெபிப்பதைப் பார்த்திருக்கிறார். காலரை விலக்கிக் காட்டினார். கட்டி இல்லை.

"ஓய், நீரு ஜெபிச்சீரு, நான் பீடி வலிச்சேன். ரெண்டும் ஒண்ணா கரைஞ்சாச்சு. உம்ம ஆளு எனக்கும் சேத்துப் பாத்தாரோ?"

எல்லாரும் சிரித்தார்கள். அவருக்கும் கரைந்தது என்றால், என் கழுத்து எதற்குச் சாட்சி? இப்படி நினைத்ததற்காகவே கட்டி திரும்பி வந்துவிடுமோ என்று இன்னொரு பயம். குலையை எடை போடும்போதும் ஒரு கை கழுத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது.

இரண்டு வாரம் கழித்து ஜெயா வீட்டுக்கு வந்தாள். எங்கள் சபைப் பெண், தையல் வேலை செய்கிறாள், சின்னக் குழந்தை உண்டு. முகமெல்லாம் சந்தோஷம்.

"அண்ணா, உங்ககிட்ட மட்டும் சொல்லுதேன். எனக்கு நெஞ்சிலே சயரோகமாக்கும். உங்க சாட்சி கேட்ட அன்னைக்கே மாத்திரையை நிறுத்தியாச்சு. உங்களைப் போல விசுவாசத்திலே நிக்கேன்."

சொல்லி முடிப்பதற்குள் இருமினாள்.

லில்லி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போய், அரிசி டப்பாவில் கையை விட்டு மாத்திரை அட்டையை எடுத்து வந்து ஜெயாவிடம் நீட்டினேன்.

"இது என் மாத்திரையாக்கும்!" என்றாள். பிறகு மெதுவாக, "இல்ல... உங்களுக்குள்ளதா?"

"எனக்குள்ளதுதான் மக்கா. ஒரு நாளும் விட்டதில்ல."

"அப்போ கர்த்தர்?"

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நானும் வாறேன்," என்று மட்டும் சொன்னேன்.

டாக்டர் அவளைத் திட்டவில்லை. கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறியிருக்கலாம், சளியைச் சோதித்த பிறகே தெரியும் என்றார். காத்திருந்த அந்த நாட்களைப் போல நான் எதற்கும் பயந்ததில்லை, என் கட்டிக்குக்கூட. அப்போதும் ஜெபித்தேன். 'அவள் பிழைக்கட்டும். யாரால் என்று நான் கேட்கமாட்டேன்.'

முடிவு வருவதற்கு முன்னாலேயே ஞாயிறு வந்தது. மறுபடி எழுந்து நின்றேன். அட்டை சட்டைப்பையில் இருந்தது. "போன தடவை ஒன்றை விட்டுவிட்டேன்," என்று ஆரம்பித்து, நோயின் பெயரையும் மாத்திரையையும் சொன்னேன். ஒருவரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. மகளைப் பார்க்க வருவதாக இருந்தவர்கள் அப்புறம் வரவில்லை.

ஜெயாவின் கிருமி மாறவில்லை. பழைய மருந்தே கேட்கும் என்றார் டாக்டர். ஆனால் முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

அரிசி டப்பாவுக்குள் அட்டையை ஒளித்துவைத்துக்கொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கு: நான் இன்னும் விசுவாசிக்கிறவன்தான். ஆனால் என் கழுத்தை யாருக்கும் ஆதாரமாகக் காட்டமாட்டேன். சுகுமாரனின் கேள்விக்கு இன்றும் என்னிடம் பதில் இல்லை. பதில் தெரியாமலும் மாத்திரையை விழுங்கலாம்.

என் ஆறு மாதம் முடிந்துவிட்டது. உடம்பு அதை இன்னும் நம்பவில்லை. மாத்திரை போட்டுவந்த காலை ஏழு மணிக்கு இப்போதும் நாக்கில் அந்தக் கசப்பு வரும். கடையைத் திறந்ததும் ஜெயாவுக்குப் போன் செய்வேன்.

"போட்டியா?"

"போட்டாச்சு அண்ணா."

அந்தக் குரல் வரும்வரை என் கை கழுத்திலேயே இருக்கும்.