எந்த நாடு என்று எழுத?

தங்கத்தாய்க்கு இரண்டு நாட்டிலும் பட்டப்பெயர் உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அவளை ‘இந்தியாக்காரி’ என்றார்கள். கலவரத்தில் வீடு எரிந்து, தொண்ணூறாம் ஆண்டு மன்னாரில் படகேறி, தென்காசிப் பக்கத்து அகதி முகாமுக்கு வந்தபோது வயது பதினொன்று. அன்றிலிருந்து ‘சிலோன்காரி’. அவள் தாத்தாவைத் தோட்ட வேலைக்கு ஆள் பிடிக்கும் கங்காணி கூட்டிக்கொண்டு போனதோ கூப்பிடு தூரத்திலிருக்கும் இலத்தூரிலிருந்து.

பத்துக்குப் பத்து அறையில் வாழ்ந்தாள். தலை எண்ண வரும் அதிகாரி முன்னால் மாதந்தவறாமல் நின்றாள். குற்றாலத்தில் சீசனுக்கு மங்குஸ்தான் விற்றாள். முகாமிலேயே கட்டிய கணவன் பெயிண்ட் அடிக்கப் போன இடத்தில் சாரம் சரிந்து செத்தான். மிச்சம் ஒரே மகள், அனுசியா.

அனுசியாவுக்குப் போலீஸ் ஆக வேண்டும். விண்ணப்பம் போட முஃபீதின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனார்கள்.

“நாடு என்னன்னு போடட்டும்?” என்றான் முஃபீத்.

“முகாம் ஆபீஸ்ல ஒரு வார்த்த கேட்டுக்கிடுவோம்மா” என்று மகள் தயங்கினாள்.

“ஏட்டி, அவங்ககிட்ட என்ன கேக்க? நீ பொறந்தது தென்காசி ஆஸ்பத்திரி. எங்க தாத்தா இலத்தூரு. பெறவு என்ன, லண்டன்னா போடுவ? நீ இந்தியான்னே அமுக்குய்யா.”

அனுசியா எழுத்துத் தேர்வில் தேறினாள். ஓட்டத்தில் முதலாவதாக வந்தாள். திருநெல்வேலியில் சான்றிதழ் பார்த்த அதிகாரி முகவரியில் விரலை வைத்தார்.

“இது முகாம்லாம்மா? அப்பா அம்மா ரெண்டு பேரும் அகதியா?”

பிறந்த மண் போதாதாம்; பெற்றவர்களில் ஒருவராவது குடியுரிமை உள்ளவராக இருக்க வேண்டுமாம். முப்பது வருடத்துக்கு மேல் தலையை மட்டும் எண்ணிவிட்டுப் போன சர்க்காரின் சட்டம் அது.

“நாந்தான் சார் அப்படிப் போடச் சொன்னேன். என்னையப் பிடிச்சு உள்ள போடுங்க” என்றாள் கூட வந்திருந்த தங்கத்தாய்.

“மனு போட்டது இவல்லா? பொய்த் தகவல்னு கேஸ் ஆயிரும். தெரியாமச் செஞ்சிட்டேன், வேலை வேண்டாம்னு எழுதிக் கொடுக்கட்டும். விட்டிருதேன்.”

வெள்ளைத்தாளில் அனுசியா குண்டு குண்டாக எழுதினாள்: ‘நான் இந்தியக் குடிமகள் இல்லை.’ பேனா நின்றது.

“சார், எந்த நாடுன்னு எழுத?”

“அது வேண்டாம். இல்லைன்னு எழுதினாப் போதும்.”

சாட்சிக் கையெழுத்தைத் தங்கத்தாய் போட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் மகளின் கையைப் பிடித்தாள். “எல்லாம் என்னாலதான். ஒரு வார்த்த ஏசிருட்டி.”

அனுசியா ஏசவில்லை. கையையும் உருவிக்கொள்ளவில்லை. ஆலங்குளத்தில் ஏறிய போலீஸ்காரப் பெண்ணொருத்தி உட்கார இடமில்லாமல் நின்றாள். அனுசியா எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தாள்.